ஐந்தால் வகுபடாத கட்டம்: கணினியில் தவில் அடுக்க எந்த வழி?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கங்களில் வீட்டிலிருந்தே பக்திப் பாடல் செய்து வெளியிடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். தைப்பூசத்துக்கு முன் பழனிப் பாதயாத்திரைக்குக் காவடிப் பாடல், நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலுக்கு ஒரு கும்மி, ஆடியில் அம்மன் பாடல் என்று ஆண்டு முழுவதும் வேலை இருக்கிறது. ஒரு மடிக்கணினி, ஓர் ஒலிவாங்கி, இலவசமாகவோ மலிவாகவோ கிடைத்த ஓர் இசை மென்பொருள் ஆகியவைதான் மொத்த முதலீடு. ஓர் அட்சரத்தை (தாளத்தின் ஓர் எண்ணிக்கையை) மூன்றாகப் பிரிக்கும் திஸ்ர நடையில் காவடிச்சிந்து மெட்டுப் போடும்வரை இதில் ஒரு குறையும் தெரியாது. ஐந்தாகப் பிரிக்கும் கண்ட நடையில் ஒரு தீர்மானம் (முடிப்புச் சொற்கட்டு) அமைத்து அதை மேல்காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், ஓடவிட்டால்தான் தவில் நொண்டும்.

நொண்டுவது காதுக்குத் தெரிந்த உடனே வேறு மென்பொருள் வாங்கச் சொல்லும் ஆலோசனைகள் நாலு பக்கமிருந்தும் வரும். ஒருவர் டிக் (மென்பொருள் நேரத்தை நறுக்கும் சிறு துண்டு) எண்ணிக்கையைக் கூட்டச் சொல்வார். இன்னொருவர் வரி வரியாக அடி எழுதும் டிராக்கர் வகை மென்பொருளுக்கு வரச் சொல்வார். தவில் வித்துவானையே கூப்பிட்டுப் பதிவு செய்துவிடலாம் என்பார் மூன்றாமவர். எல்லாமே சரியான ஆலோசனைதான், ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு நோய்க்கான மருந்து. எது யாருக்கு என்று பிரித்துப் பார்க்காமல் பணத்தை இறைப்பதில் பொருளில்லை.

முதலில் நோயைப் பார்க்கலாம்.

மென்பொருளில் நீங்கள் வைக்கும் ஒவ்வோர் அடியும் ஏதாவது ஒரு டிக்கின் மேல்தான் உட்கார முடியும். ஒரு பீட்டை எத்தனை டிக்காக நறுக்குகிறது என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். இலவசமாகக் கிடைக்கும் எல்.எம்.எம்.எஸ். நான்கு பீட் கொண்ட ஒரு பாரை 192 டிக்காக நறுக்குகிறது, அதாவது பீட்டுக்கு 48. எஃப்.எல். ஸ்டூடியோவில் மாற்றாமல் விட்டால் 96. லாஜிக்கிலும் ரீப்பரிலும் 960. இந்த எண்ணைத்தான் பி.பி.க்யூ. என்கிறார்கள்.

இனி நம் கணக்கு. நிமிடத்துக்கு 80 அட்சரம் போகும் ஆதி தாளத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் அட்சரத்துக்கு 750 மில்லி விநாடி. கண்ட நடையில் அதற்குள் ஐந்து மாத்திரை, ஒவ்வொன்றும் 150. தகதகிட என்று சொல்லிப் பார்த்தால் வேகம் புரியும். மேல்காலத்தில் பத்து அடி, இடைவெளி 75. இதை 48 டிக் உள்ள கட்டத்தில் வைத்தால் ஓர் அடிக்கு 4.8 டிக் வேண்டும். அப்படி ஓர் இடம் கட்டத்தில் கிடையாது. மென்பொருள் அருகிலுள்ள டிக்கில் ஒவ்வோர் அடியையும் இறக்கிவிடும். இடைவெளிகள் 5, 5, 4, 5, 5 என்று அமையும். அதாவது 78 மில்லி விநாடி, 78, அடுத்தது திடீரென்று 62, பிறகு மீண்டும் 78, 78. தகதகிட ஒவ்வொரு முறை வரும்போதும் மூன்றாவது இடைவெளி மட்டும் 16 மில்லி விநாடி குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் குறைவதால் அதை யாரும் வாசிப்பவரின் நெகிழ்வு என்று நினைக்கமாட்டார்கள், இயந்திரத்தின் ஊனம் என்றுதான் கேட்கும்.

இவ்வளவு சிறிய வேறுபாடு காதுக்குத் தெரியுமா என்று சந்தேகப்படலாம். ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த ஃப்ரீபெர்க், சுண்ட்பெர்க் இருவரும் 1995இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓர் அளவு தருகிறது. சீராகப் போகும் தட்டுகளில் ஒன்று இடம் மாறினால், தட்டுகளுக்கு இடையே கால் விநாடிக்கும் குறைவான இடைவெளி இருக்கும்போது, சுமார் 6 மில்லி விநாடி மாறினாலே காது கண்டுபிடிக்கத் தொடங்குகிறது. இடைவெளி அதைவிடப் பெரிதானால் அதன் இரண்டரை சதவீதம் அளவு மாற வேண்டும். ஆகவே 16 மில்லி விநாடி சந்தேகமில்லாமல் கேட்கும். 96 டிக் கட்டத்தில் அதே மேல்காலம் 78, 70, 78, 70, 78 என்று அமையும். வேறுபாடு 8 மில்லி விநாடி. தவில் வாசித்துப் பழகியவருக்குத் தெரியும், கோவில் ஒலிபெருக்கியில் கேட்பவருக்குத் தெரியாமலும் போகலாம். 960 டிக்கில் ஓர் அடிக்குச் சரியாக 96 டிக், எந்தக் குறையும் இல்லை.

அப்படியானால் பெரிய எண்ணே பதில் என்று தோன்றும். முழுக்க அப்படியில்லை. 960ஐ ஏழால் வகுத்தால் 137.14, ஒன்பதால் வகுத்தால் 106.67. மிஸ்ர நடையும் சங்கீர்ண நடையும் அங்கேயும் முழு டிக்கில் விழுவதில்லை. ஆனால் அந்தப் பிழை ஒரு மில்லி விநாடியைக்கூட எட்டாது என்பதால் யாருக்கும் கேட்காது. ஆத்தங்குடிக் கல் பதிக்கும் கொத்தனாருக்கு இது உடனே விளங்கும்: அறையின் நீளம் கல்லின் அளவுக்கு வகுபடாவிட்டால் ஓரத்தில் ஒரு வெட்டுக்கல் வந்தே தீரும். கல்லைச் சின்னதாக்கினால் வெட்டுத்துண்டும் சின்னதாகுமே தவிர, வெட்டு ஒழியாது. ஒழிய வேண்டுமானால் அறைக்கு ஏற்ற கல் வேண்டும்.

ஆக, வழிகள் இரண்டு வகை. ஒன்று, பிழையைக் காதுக்கு எட்டாத அளவுக்குச் சிறிதாக்குவது. மற்றது, நடைக்கு ஏற்றபடி கட்டத்தையே அமைத்துப் பிழையே இல்லாமல் செய்வது. மேற்கத்திய இசைக்காக எழுதப்பட்ட மென்பொருள்கள் நான்கையும் மூன்றையும் மட்டும் மனத்தில் வைத்துப் பிறந்தவை. இசைக் கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ள 1983இல் வந்த மிடி தரத்தின் கடிகாரமே பீட்டுக்கு 24 துடிப்பு. இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, எட்டு எல்லாவற்றாலும் வகுபடும் அந்த எண் ஐந்தாலும் ஏழாலும் வகுபடாது. 48, 96, 192 எல்லாம் அதன் வாரிசுகள். நம் ஐந்து நடைகளும் (திஸ்ரம் 3, சதுஸ்ரம் 4, கண்டம் 5, மிஸ்ரம் 7, சங்கீர்ணம் 9) ஒரே கட்டத்தில் முழு எண்ணாக விழ வேண்டுமானால் பீட்டுக்கு 1260 டிக் தேவை. மேல்காலமும் சேர்ந்தால் 2520. காரைக்குடி மணி போன்ற ஒரு மிருதங்க மேதை பிறந்த ஊரில் உட்கார்ந்து இந்தக் கணக்குப் போடும்போது, இதை முன்பே யாராவது மென்பொருள்காரர்களிடம் சொல்லியிருக்கக்கூடாதா என்று தோன்றத்தான் செய்கிறது.

டிக் எண்ணிக்கையைக் கூட்டுவது

உங்கள் மென்பொருளில் அந்த அமைப்பு இருந்தால் இதைவிட எளிய வழி கிடையாது. எஃப்.எல். ஸ்டூடியோவில் திட்ட அமைப்புக்குள் போய் 96ஐ 960 ஆக மாற்றினால் போதும். செலவில்லை, பழகிய கருவிகளும் அப்படியே இருக்கும். ரீப்பரில் புதிதாக உருவாகும் மிடி துண்டுகளுக்கு எத்தனை டிக் என்பதை விருப்பங்களில் மாற்றிக்கொள்ளலாம். 960க்குப் பதிலாக 2520 என்று தட்டச்சு செய்தால் ஐந்து நடைகளும் இரண்டு காலங்களிலும் பிசிறில்லாமல் விழும்.

ஒரு எச்சரிக்கை. கூட்டுவதை வேலையின் தொடக்கத்திலேயே செய்துவிடுங்கள். ஏற்கனவே 96இல் வைத்த அடிகள் தானாகத் திருந்தப் போவதில்லை. அவை பழைய தவறான இடத்திலேயே, இப்போது அதிக நுணுக்கத்தோடு, உட்கார்ந்திருக்கும். மறுபடி குவான்டைஸ் செய்ய வேண்டும், அதாவது அடிகளைக் கட்டத்தின் கோடுகளுக்கு இழுக்க வேண்டும். அதற்கு ஐந்துக்கும் ஏழுக்குமான கட்டம் மென்பொருளில் இருக்க வேண்டும். பல மென்பொருள்கள் மூன்றுக்கான கட்டத்தோடு நின்றுவிடுகின்றன. அங்கே டிக் எவ்வளவு நுணுக்கமாக இருந்தும் நீங்கள் ஒவ்வோர் அடியையும் கையால் 192, 384, 576 என்று எண் பார்த்து வைக்க வேண்டியிருக்கும். ஒரு தீர்மானத்துக்கு இது பரவாயில்லை. ஒரு முழுத் தனி ஆவர்த்தனத்துக்குப் பொறுமை போதாது.

டெம்போவை (நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற எண்ணை) இரட்டிப்பாக்கி, அரை அட்சரத்தை ஒரு பீட்டாக எண்ணும் பழைய தந்திரமும் இந்த வகைதான். 48 டிக் 96 ஆனதுபோல் ஆகும். ஐந்தால் வகுபடாத குறை அப்படியே இருக்கும், பாதியாகச் சுருங்கும். அவசரத்துக்கு உதவும்.

நடையையே டெம்போ ஆக்குவது

எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். பணம் செலவாகாமல் பிழையை அடியோடு ஒழிக்கிறது, அதோடு நம் தாளக் கணக்கை மென்பொருளின் மேல் ஏற்றி வைக்கிறது. மென்பொருளின் பீட்டும் நம் அட்சரமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. மென்பொருளுக்கு நன்றாகத் தெரிந்தது பீட்டை நான்காக வெட்டுவது. அந்தக் கால் பீட்டை நம் மாத்திரையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

நிமிடத்துக்கு 80 அட்சரம், அட்சரத்துக்கு ஐந்து மாத்திரை என்றால் நிமிடத்துக்கு 400 மாத்திரை. நான்கு மாத்திரை சேர்ந்தது மென்பொருளின் ஒரு பீட். ஆகவே டெம்போ 100. இப்போது கட்டத்தில் ஒவ்வொரு சிறு அறையும் ஒரு கண்ட மாத்திரை. ஐந்து அறைக்கு ஒரு அட்சரம். தாளக் குறியை 5/4 என்று வைத்தால் இரண்டு பாரில் எட்டு அட்சரம் கொண்ட ஓர் ஆதி தாள ஆவர்த்தனம் மிகச் சரியாக முடியும். 80ஐ ஐந்தால் பெருக்கி நான்கால் வகுக்கிறோம், அவ்வளவுதான். மிஸ்ர நடைக்கு ஏழால் பெருக்கினால் டெம்போ 140, தாளக் குறி 7/4. சங்கீர்ணத்துக்கு 180, குறி 9/4. திஸ்ரத்துக்கு 60, குறி 3/4. எல்லாவற்றிலும் அட்சரம் அதே 750 மில்லி விநாடிதான். நடை மாறும் இடத்தில் டெம்போவை மாற்றி எழுதினால் கேட்பவருக்கு வேகம் மாறியதாகத் தெரியாது, நடை மட்டும் மாறும். மேடையில் தவில்காரர் கையின் வேகத்தில் அட்சரத்தை அசைக்காமல் நடையை மாற்றுவதும் இதேதான்.

எல்.எம்.எம்.எஸ். போன்ற 48 டிக் மென்பொருளில் இந்த வழி எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். கால் பீட்டுக்கு 12 டிக். ஐந்து அறை சேர்ந்த அட்சரத்துக்கு 60 டிக். இந்த 60 ஐந்தால் மட்டுமல்ல, மூன்றாலும் நான்காலும் ஆறாலும் வகுபடும். தவில் கண்டத்தில் போக, மேலே நாகஸ்வர மெட்டு சதுஸ்ரத்தில் நின்றாலும் ஒவ்வொரு சதுஸ்ர மாத்திரைக்கும் சரியாக 15 டிக் கிடைக்கிறது. கட்டத்தை அறுபத்து நான்கில் ஒரு பங்கு என்று மாற்றினால் ஒரு சிறு அறை 3 டிக். 15 டிக் என்பது ஐந்து சிறு அறை. கண்ணால் பார்த்தே வைத்துவிடலாம். மிஸ்ரத்தில் அட்சரத்துக்கு 84 டிக், அதுவும் மூன்று, நான்கு, ஏழு எல்லாவற்றாலும் வகுபடும். விலை கொடுத்து வாங்கிய மென்பொருளில் கையால் எண் பார்த்து வைப்பதைவிட, இலவச மென்பொருளில் இப்படிச் செய்வது துல்லியமாக அமைந்துவிடுகிறது.

குறைகளும் உண்டு. மெட்ரோனோமை அணைத்துவிட வேண்டியதுதான். அது நான்கு மாத்திரைக்கு ஒருமுறை தட்டும், நம் அட்சரம் ஐந்துக்கு ஒருமுறை வரும், கேட்டால் தலை சுற்றும். ஐந்து அறைக்கு ஒரு தட்டு என்று தனி டிராக்கில் ஜால்ராவோ கைத்தட்டோ வைத்து அதைப் பாடகருக்குக் காட்டலாம். இன்னொன்று, டெம்போவைப் பார்த்து எதிரொலியைக் கணக்கிடும் கருவிகள் நடை மாறும் இடத்தில் தடுமாறும். அவற்றுக்கு மில்லி விநாடியில் நேரம் கொடுத்துவிடுங்கள். மூன்றாவதாக, எல்.எம்.எம்.எஸ். டெம்போவை முழு எண்ணாகத்தான் ஏற்கும். அட்சர வேகம் 82 என்றால் கண்டத்துக்கு 102.5 வேண்டும், அது கிடைக்காது. ஆகவே நான்கால் வகுபடும் வேகமாக 80 அல்லது 84 என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். பாடகரின் மூச்சு 82இல்தான் நிற்கும் என்றால் இந்த மென்பொருளை விட்டு வெளியே வரத்தான் வேண்டும்.

டிராக்கர்

மேலிருந்து கீழாக எண்களும் எழுத்துகளும் ஓடும் டிராக்கர் திரையைப் பார்த்தவுடன் பலர் மூடிவிடுகிறார்கள். கணக்கில் பற்று உள்ளவர்களுக்கு அது பிடித்துப்போகும். ரெனாய்ஸ் என்ற டிராக்கரில் ஒரு பீட்டுக்கு எத்தனை வரி என்பதை நீங்களே சொல்லலாம். ஐந்து என்று கொடுத்தால் ஒரு வரி ஒரு கண்ட மாத்திரை. ஏழு என்றால் மிஸ்ரம். பாட்டின் நடுவிலேயே ஒரு கட்டளையால் அதை மாற்றலாம், டெம்போவைத் தொடவே வேண்டாம். எதிரொலிக் கருவி தடுமாறாது, மெட்ரோனோமும் அட்சரத்தில்தான் தட்டும். முந்தைய வழியின் எல்லா நன்மையும் அதன் குறைகள் இல்லாமல் கிடைக்கிறது. அதற்கு மேல், ஒவ்வொரு வரியையும் 256 பங்காகப் பிரித்து அடியைத் தள்ளிவைக்க ஒரு தாமதப் பத்தி இருக்கிறது. ஐந்து வரி என்றால் அட்சரத்துக்கு 1280 இடங்கள்.

பழைய வகை டிராக்கர்களிடம் இதை எதிர்பார்க்கக்கூடாது. அவற்றில் ஒரு டிக்கின் நீளம் 2.5ஐ டெம்போவால் வகுத்தால் வரும் விநாடி. டெம்போ 125 என்றால் 20 மில்லி விநாடி. அடியைத் தள்ளிவைப்பதும் அந்த அளவில்தான். எல்.எம்.எம்.எஸ்.ஸைவிடக் கரடுமுரடு.

ரெனாய்ஸை நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். தவில், பம்பை, உறுமி, கும்மித் தட்டு வரை அது அற்புதம். நாகஸ்வரத்தின் கமகத்தை (சுரத்தின் அசைவை) அதில் எழுத உட்கார்ந்தால் ஒரு பிருகாவுக்கு (வேகமான சுர உருட்டலுக்கு) ஒரு பக்கம் எண் தேவைப்படும். சுருதியை வளைவுக் கோடாக வரைந்து பழகியவர்களுக்கு அது தண்டனை. தாளத்தை அங்கே செய்து ஒலிக்கோப்பாக எடுத்து, மெட்டை வேறு மென்பொருளில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு மென்பொருளுக்கு இடையே நாளெல்லாம் நடக்கும் பொறுமை இருந்தால் சரி.

மென்பொருளை மாற்றுவது

புதிய மென்பொருளுக்கு இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் போக வேண்டுமா என்று கேட்டால், பெரும்பாலும் வேண்டாம் என்பேன். போவதானால் ரீப்பரை முதலில் பாருங்கள். 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், தனிநபருக்கும் சிறு தொழிலுக்குமான உரிமம் 60 டாலர். டிக் எண்ணிக்கையும் கட்டமும் நம் விருப்பப்படி வளைகின்றன. கியூபேஸ், லாஜிக் போன்றவை இதே வேலையைச் செய்யும், ஆனால் தாளத்துக்காக மட்டும் அந்த விலை கொடுக்கக் காரணமில்லை.

டிக்கே குற்றவாளி இல்லாதபோது

மேலே சொன்ன எதைச் செய்தும் தவில் ஒட்டாமல் போகும் பாட்டுகள் நிறைய உண்டு. கட்டத்தில் அடி சரியாக இருக்கும், காதுக்குத் தாமதமாக விழும். இதைத் தேடாமல் டிக் எண்ணிக்கையோடு மல்லுக்கட்டுகிறவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

முதல் இடம் ஒலித்துண்டின் தலைப்பகுதி. தவில் வலந்தலையில் கூடு மாட்டிய விரல் விழும் அடியைப் பதிவு செய்து வெட்டும்போது, அடிக்கு முன் சிறிது மௌனம் ஒட்டிக்கொண்டு வரும். 12 மில்லி விநாடி மௌனம் இருந்தால் அந்த அடி எப்போதும் 12 மில்லி விநாடி தாமதம்தான். 48 டிக் கட்டத்தின் ஒரு டிக்கில் பெரும்பகுதியை அதுவே விழுங்கிவிடும். தவிலின் மறுபக்கமான தொப்பியில் கழி விழும் அடியில் வேறு அளவு மௌனம் இருந்தால் இரண்டு கைக்கும் இடையே உறவே கெட்டுவிடும். அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அடி எழும் புள்ளியிலிருந்து ஒவ்வொரு துண்டையும் வெட்டுங்கள். ஒரு மாலைப்பொழுது போகும், ஆனால் அதற்குப் பிறகு எல்லாப் பாட்டுக்கும் பயன்.

நாகஸ்வரத்தில் சிக்கல் வேறு. காற்று சீவாளியில் ஏறி ஒலி முழுதாக எழவே நேரம் எடுக்கும். தாளத்தில் நிற்பதாகக் காது கொள்வது அந்த எழுச்சியின் பிற்பகுதியைத்தான். மிடியில் சுரத்தைக் கட்டத்தின் மேல் சரியாக வைத்தால் மெட்டு எப்போதும் பின்தங்கிக் கேட்கும். ஒவ்வொரு சுரத்தையும் நகர்த்தாதீர்கள். பெரும்பாலான மென்பொருள்களில் ஒரு டிராக் முழுவதையும் மில்லி விநாடிக் கணக்கில் முன்னே தள்ளும் வசதி உண்டு. 20இலிருந்து தொடங்கிக் கேட்டுக்கொண்டே கூட்டுங்கள். இந்த நகர்வு டிக் கட்டத்துக்குக் கட்டுப்பட்டதல்ல என்பதால் டிக் குறைந்த மென்பொருளிலும், இந்த வசதி இருந்தால், இது வேண்டிய அளவு நுணுக்கமாக அமையும்.

பதிவு செய்யும் இடத்தையும் கவனிக்க வேண்டும். நம் பக்கத்துப் பெரிய வீடுகளின் வளவில் (நடுமுற்றப் பகுதியில்) உட்கார்ந்து பதிவு செய்யும் ஆசை பலருக்கு வருகிறது. முகப்பிலும் வளவிலும் ஒலி அழகாக மிதக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 சென்டிமீட்டர்தான் போகும். எட்டு மீட்டர் தள்ளியிருக்கும் பளபளப்பான சுண்ணாம்புச் சுவரில் மோதித் திரும்பும் அடி 47 மில்லி விநாடி கழித்து ஒலிவாங்கிக்கு வரும். மேல்காலத்தில் அடிகளின் இடைவெளியே 75 என்று பார்த்தோம். ஒவ்வோர் அடிக்கும் பின்னால் ஒரு பேய் அடி. இந்தப் பதிவை வைத்துக்கொண்டு டிக் துல்லியம் பேச முடியாது. நாகஸ்வரத்தையும் பாட்டையும் வளவில் எடுங்கள். தாளக் கருவியை நெல் மூட்டையோ மெத்தையோ துணிமணியோ அடைந்த ஓர் உள்ளறையில், ஒலிவாங்கியை அருகில் வைத்து எடுங்கள்.

மிடி பேடில் தட்டிப் பதிவு செய்கிறவர்களுக்கு இன்னும் ஒன்று. விநாடிக்கு 48000 முறை ஒலியை அளக்கும் மாதிரி வேகத்தில், கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரை 512 மாதிரி என்று வைத்தால் ஒலி வெளிவரவே கிட்டத்தட்ட 11 மில்லி விநாடி ஆகும். மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் தவிலைக் கேட்பதும் 9 மில்லி விநாடி தாமதம்தான், அதற்கு மனிதர்கள் பழகிவிடுவார்கள். ஆனால் பழைய கணினியில் பஃபர் 2048 வரை ஏறிவிட்டால் 43 மில்லி விநாடி. கை தானாக முந்தத் தொடங்கும், பதிவும் கோணலாகும். பதிவின்போது மட்டும் மற்ற டிராக்குகளை அணைத்துப் பஃபரைக் குறையுங்கள். ஐந்து ஊசி கொண்ட பழைய மிடி கம்பியில் ஓர் அடி போய்ச் சேர ஒரு மில்லி விநாடி ஆகும் என்பதைப் பற்றி, ஒரே நேரத்தில் பத்து சுரம் அமுக்கும் விசைப்பலகைக்காரர் கவலைப்படட்டும். தவிலுக்கு அது பொருட்டல்ல.

வித்துவானைக் கூப்பிடுவது

கடைசியில் இதுதான் நல்லது என்று சொல்லிவிட்டுப் போகலாம், யாரும் மறுக்கமாட்டார்கள். ஒலிப்பதிவில் டிக்கே கிடையாது. 48000 மாதிரி வேகத்தில் ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் இடையே 0.02 மில்லி விநாடிதான். கண்டமோ சங்கீர்ணமோ, அவர் கையில் எப்படி விழுந்ததோ அப்படியே இருக்கும்.

இதை எடுக்கும் முறையில் ஒரு தீர்மானம் வேண்டும். கிளிக்கை (மெட்ரோனோம் தட்டை) காதில் மாட்டி வாசிக்கச் சொல்வதா, அவர் போக்கில் விட்டு மென்பொருளை அவர் பின்னால் ஓட்டுவதா? கோவில் வாசலில் வாசித்துப் பழகிய கை கிளிக்கோடு சேர்ந்தால் விறைத்துப் போவதைப் பலமுறை கேட்கலாம். அவர் போக்கில் எடுத்தால், கூடவே ஒருவர் தாளம் போடும் தட்டைத் தனி டிராக்கில் பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு ரீப்பரிலோ ஆர்டர் (Ardour) என்ற மென்பொருளிலோ ஒவ்வோர் ஆவர்த்தனத்தின் சமத்தையும் (தொடக்க அடியையும்) அந்தத் தட்டில் குறித்து டெம்போ வரைபடம் அமைக்கலாம். மிடி சுரங்கள் அந்த வரைபடத்தின்படி நெகிழ்ந்து அவரோடு ஒட்டிக்கொள்ளும். ஒவ்வோர் அட்சரத்தையும் குறிக்காதீர்கள், ஆவர்த்தனத்துக்கு ஒன்று போதும். எல்லா அட்சரத்தையும் குறித்தால் தாளம் போட்டவரின் கை நடுக்கம் உங்கள் வயலினுக்குள் புகுந்துவிடும்.

தட்டுப்பாடு பணமும் நாளும்தான். முகூர்த்த மாதங்களில் ஒரு நல்ல தவில்காரரின் பகல் கிடைப்பது அரிது. திருவிழாப் பாட்டுக்கு அவசரமாக ஒரு மாதிரிப் பதிவு வேண்டும் என்கிற தறி கெட்ட வாரத்தில் கணினித் தவில்தான் கைகொடுக்கும்.

என் வரிசை இது: ஒலித்துண்டின் தலையை வெட்டுவது முதலில், ஏனென்றால் அது எல்லோருக்கும் பொருந்தும். அதற்குப் பிறகும் நொண்டினால் நடையை டெம்போ ஆக்கும் வழி. பாட்டுக்குள் இரண்டு மூன்று நடை மாறி மாறி வரும், பின்னால் எதிரொலிக் கருவிகளும் நிறைய இருக்கும் என்றால் டிக்கைக் கூட்டுவது அல்லது ரெனாய்ஸ். பாட்டு திஸ்ரத்திலும் சதுஸ்ரத்திலும் மட்டும் நடந்தால் 48 டிக்கே போதும், ஒன்றையும் தொடாதீர்கள்.

எந்த வழியில் செய்தாலும், முடிந்த வேலையை ஒலிக்கலவைக்கு (மிக்ஸிங்) வெளியூர் அனுப்பும்போது கவனம் வேண்டும். 1940களில் ஏவி.எம். ஸ்டூடியோவே காரைக்குடியில் இயங்கிய காலம் ஒன்று இருந்தது. இப்போது நாம் கோப்புகளைச் சென்னைக்கு அனுப்புகிறோம். மிடி கோப்பாக அனுப்பினால் அங்குள்ள மென்பொருள் அதைத் தன் டிக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளும். சில மென்பொருள்கள் ஏற்றுமதியின்போதே எண்ணைக் குறைத்து எழுதிவிடும். 2520இல் வைத்த சங்கீர்ணக் கோர்வை 96க்கு இறங்கினால் பட்ட பாடெல்லாம் வீண். தாள டிராக் ஒவ்வொன்றையும் ஒலிக்கோப்பாக எடுத்து, எல்லாக் கோப்புகளும் பாட்டின் பூஜ்ய விநாடியிலிருந்தே தொடங்கும்படி வைத்து, மாதிரி வேகம் என்ன என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதி அனுப்புங்கள். மெட்டுக்கான மிடியைத் தனியாகக் கொடுத்தால் போதும், அதில் கண்ட நடைக்கு 100 என்று போட்ட டெம்போ ஏன் பாட்டின் வேகத்தோடு ஒத்துப்போகவில்லை என்று கேட்டு நள்ளிரவில் தொலைபேசி வராமலிருக்க ஒரு குறிப்பும் சேர்த்துவிடுங்கள்.